கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தீயணைப்புக் கருவி

புதிதாக மோட்டார் வாகனம் வாங்கியவர் அதனை முதன்முதலாக ஒரு சந்நிதிக்கு ஓட்டிச் சென்று, மாலை சாற்றிக் கற்பூரம் காட்டி, சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பின்னரே நெடும்பிரயாணங்களுக்குப் பயன்படுத்துவது நம் நாட்டில் ஊறிப்போன வழக்கம். சென்னையிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும், ஆந்திர எல்லைக்கு அப்பாலுள்ள நகரி, புத்தூர் முதலிய ஊர்களிலிருந்தும் அவ்வாறு பூஜைக்கு வரும் வாகனங்கள் திருத்தணி மலைப்பாதையில் ஏறுவதைக் காணலாம். பூஜைக்கு முன்பே ஆசன உறையும், வாசனைத் திரவியமும், கூடுதல் விளக்குகளும், உரத்த ஹாரனும் வாங்கிப் பொருத்திவிடுகிற நாம், அவற்றுள் பலவற்றைவிடக் குறைந்த விலைக்குக் கிடைப்பதும், குடும்பத்தார் அனைவரின் பிராணனையும் காக்க வல்லதுமான ஒரு சிறு தீயணைப்புக் கருவியைப் பற்றிச் சிந்திப்பதே இல்லை என்பது மிகவும் வருந்தத்தக்கது. பெல்ஜியம், போலந்து, கிரீஸ் போன்ற தேசங்களில் சொந்தக் காரிலும் அக்கருவி இருந்தாக வேண்டும் என்பது சட்டம். இந்தியாவில் பஸ்களுக்கு உள்ள இக்கட்டாயம் சொந்தக் கார்களுக்கு இல்லை. ஆகவே இது உரியவரின் விவேகத்துக்கே விடப்பட்டிருக்கிறது.

அக்கினி நட்சத்திரத்தின்போது தமிழ்நாட்டின் மிகக் கடுமையான வெயில் பதிவாகும் ஊர்களில் திருத்தணியும் ஒன்று. வெப்பம் 40 டிகிரியைக் கடப்பது அங்கே அபூர்வமன்று. ஆனால் வெயில் மாத்திரமே வாகனத்தைக் கொளுத்திவிடுவதில்லை. எலி கடித்த பெட்ரோல் குழாயிலிருந்து கசியும் துளிகள், சூடேறிய புகைக்குழாயின் மேல் சொட்டும் எஞ்சின் எண்ணெய், ஃபியூஸ் வைக்காமல் பேட்டரியிலிருந்து நேரே இழுக்கப்பட்ட ஒயர், அனுபவமில்லாதவர் மாட்டிய கேஸ் கிட் ஆகியவையே பெரும்பாலும் தீயின் மூலகாரணங்கள். யாத்திரை வாகனங்களில் இவற்றோடு கற்பூரப் பொட்டலமும், விளக்கெண்ணெயும், முன்பலகையில் கொளுத்தி வைத்த ஊதுவத்தியும் சேர்ந்துகொள்கின்றன; வண்டிக்குள் ஊதுவத்தி ஏற்றும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். மலையிலிருந்து இறங்கும்போது இடைவிடாமல் பிரேக்கை மிதித்தால் சக்கரத்தருகே புகையும் காந்தல் நாற்றமும் எழுவதுண்டு. அது பெரும்பாலும் தீயன்று, நிறுத்தி ஆறவிட்டுப் பின் தாழ்ந்த கியரில் இறங்கினால் போதும்.

எந்தக் கருவியை வாங்குவது என்பதில் பூர்வகதை ஒன்று நினைவுகூரத்தக்கது. 1911-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பைரீன் கம்பெனியார் கார்பன் டெட்ராகுளோரைடு என்னும் திரவத்தைப் பீச்சும் சிறு கைப்பம்பு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றனர். மோட்டார் வாகனங்களில் அது வெகுவாகப் பிரசித்தி அடைந்தது. ஆனால் அத்திரவம் உஷ்ணத்தில் சிதைந்து, முதல் உலக யுத்தத்தில் ஆயுதமாகப் பிரயோகிக்கப்பட்ட பாஸ்ஜீன் என்னும் நச்சுவாயுவை உண்டாக்கக்கூடியது என்பதால் பிற்காலத்தில் கைவிடப்பட்டது. அதன் பின் வந்த ஹாலான் வாயு, ஆகாயத்தின் ஓசோன் படலத்தைக் கெடுப்பதாகக் கண்டு 1987-இல் ஏற்பட்ட மாண்ட்ரீல் உடன்படிக்கையின் வழியே விலக்கப்பட்டது. இன்று சாமானியருக்கு ஏற்றது ஏ.பி.சி. என்று கடைக்காரர் சொல்லும் உலர்தூள் கருவியே. மோனோ அமோனியம் பாஸ்பேட் என்னும் அதன் தூள், ஆசனப் பஞ்சு, பெட்ரோல், எரிவாயு ஆகிய மூவகைத் தீயிலும் செயல்படும். ஜ்வாலையின் ரசாயனத் தொடரைத் துண்டிப்பதோடு, உருகி எரிபொருளின் மேல் ஏடாகப் படிந்து காற்றையும் மறைத்துவிடும். பி.சி. என்று மட்டும் குறித்த தூளுக்கு ஆசனத் தீயில் அந்தச் சக்தி கிடையாது. கார்பன் டை ஆக்ஸைடு திறந்த வெளியில் காற்றோடு போய்விடும். மூடிய வண்டிக்குள்ளோ சுவாசத்துக்கே அபாயம்.

சாதாரணக் காருக்கு 1 கிலோ, பெரிய வேனுக்கு 2 கிலோ கருவி தகும். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 15683 என்ற எண்ணும், அழுத்தம் காட்டும் மானியும், எத்தனை டிகிரி உஷ்ணம் வரை தாங்கும் என்ற குறிப்பும் அதன்மேல் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். மானி இல்லாத வாசனைப்புட்டி போன்ற சிறு டப்பாக்களை நான் சிபாரிசு செய்யமாட்டேன். உள்ளே அழுத்தம் இருக்கிறதா என்பதை அறிய வழியே இல்லாத சாதனத்தை எப்படி நம்புவது?

வாங்கியதைக்காட்டிலும் வைக்கும் இடமே முக்கியம் என்பது என் திடமான அபிப்பிராயம். டிக்கியில் மூட்டை முடிச்சுகளின் அடியில் கிடக்கும் கருவி, ஆபத்து வேளையில் இல்லாத கருவிக்கே சமானம். கருவி முழுதும் காலியாக ஏறத்தாழ பத்து விநாடியே ஆகும். அதனால் தீ கையளவாக இருக்கும் முதல் நிமிஷத்திலேயே அது கைக்கு வந்தாக வேண்டும். ஓட்டுநர் ஆசனத்தின் அடியில் வைக்கலாமா என்றால், கழன்று உருண்டு பிரேக் மிதியின் கீழ் சிக்கினால் அதுவே விபத்துக்குக் காரணமாகிவிடும். முன்பக்கத்துப் பயணியின் ஆசனத்துக்கு முன்னால், தரையை ஒட்டி, வண்டியின் நீளத்துக்குக் குறுக்காகப் பொருத்துவதே உத்தமம். அங்கே வெயிலும் நேரே படாது, இரு கதவுகளிலிருந்தும் கை எட்டும். வெயிலில் நிற்கும் மூடிய காரின் முன்பலகையிலும் பின்கண்ணாடித் தட்டிலும் உஷ்ணம் கருவியின் வரம்பையே மீறிவிடக்கூடும்.

பிளாஸ்டிக் பட்டையும் ஒட்டும் நாடாவும் இதற்கு உதவா. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி மோதி நின்றால், பிணைக்கப்படாத பொருள் சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்ததற்கு ஒப்பான வேகத்தோடு முன்னே பாயும். இரும்பு உருளை ஒன்று அவ்வேகத்தில் குழந்தையின் மேல் பட்டால் என்னவாகும் என்று எண்ணிப் பார்க்கவே நெஞ்சம் நடுங்குகிறது. ஆகவே இழுத்தால் விடுபடும் பூட்டுள்ள உலோகக் கிளாம்பை, கூடுமானவரை ஆசனத்தைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளிலேயே ஓர் இரும்புத் தகட்டின் மூலம் இணைக்கச் சொல்லுங்கள். தரையில் துளையிட்டே தீர வேண்டுமானால், கீழே பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் ஒயர்களும் எங்கே செல்கின்றன என்று மெக்கானிக் முதலில் குனிந்து பார்க்கட்டும். அகன்ற வாஷரும், தளராத நட்டும் போட்டு, துளையைத் துருப்பிடிக்காதபடி அடைக்கட்டும். ஏர்பேக் விரியும் வழியும் ஆசனம் நகரும் பாதையும் தடைப்படக் கூடாது. மின்சாரக் காரின் தரையில் மாத்திரம் துளையிடவே கூடாது. பெரும்பாலும் அதன் பேட்டரி அங்கேயே இருக்கிறது.

கிருத்திகைதோறும் மலைக்கு வருபவர்கள் அன்றைக்கே மானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று பார்த்து, ஓட்டத்தின் அதிர்வில் தூள் இறுகிவிடாதபடி கருவியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கி வைக்கலாம். ஒருமுறை சிறிதளவு பீச்சினாலும் மீண்டும் நிரப்பியே வைக்க வேண்டும்.

பானெட்டிலிருந்து புகை வந்தால் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, முதியோரையும் குழந்தைகளையும் வெகுதூரம் அனுப்பிவிட்டு, ஒருவர் 101 அல்லது 112 என்ற எண்ணை அழைக்கட்டும். பானெட்டை அகலத் திறந்தால் காற்று புகுந்து தீ சீறி எழும். உள்ளிருக்கும் பிடியை மட்டும் இழுத்து, உண்டாகும் இடுக்கு வழியே, காற்று முதுகுப்புறமிருந்து வீசுமாறு நின்று, ஜ்வாலையின் அடிப்பகுதியை நோக்கித் தூளை இடமும் வலமுமாகப் பீச்ச வேண்டும். 2013 அக்டோபர் 30 அன்று மகபூப்நகர் மாவட்டம் பாலெம் அருகே பெங்களூர் – ஹைதராபாத் பஸ் ஒன்று எரிந்து 45 பேர் மாண்டார்களே, அத்தகைய பெருந்தீயின் முன் இச்சிறு கருவி நிற்காது. தீ ஆசனங்களைப் பற்றிவிட்டாலும், எரிவாயு உருளையின் அருகே சென்றுவிட்டாலும், மின்சார வாகனத்தின் பேட்டரி புகைந்தாலும், அணைக்க முயலாமல் கருவியைப் போட்டுவிட்டு விலகிச் செல்ல வேண்டும். தீயணைப்பு வண்டி வரும்வரை பெட்டியையோ பணப்பையையோ எடுக்க எவரையும் அருகே விடக்கூடாது.