காலி நாற்காலியிடம் பேசினால் மனம் மாறுமா?

"அப்பா அடித்தது என் தவறல்ல" என்று அறிவுக்குத் தெரிந்தும் உள்ளுக்குள் குறுகிப்போகிறவர்கள் ஏராளம். ஏன்? பயமும் அவமானமும் வாதத்துக்கு எளிதில் இணங்குவதில்லை. அவற்றை மாற்ற இன்னொரு உணர்ச்சி வேண்டும் என்கிறார் கனடாவின் யார்க் பல்கலைக்கழக உளவியலாளர் லெஸ்லி கிரீன்பெர்க்.

சக ஆய்வாளர்களோடு அவர் உருவாக்கிய உணர்ச்சி மையச் சிகிச்சையில், எதிரே ஒரு காலி நாற்காலி போடுவார்கள். அதில் அப்பா உட்கார்ந்திருப்பதாக எண்ணிப் பேசவேண்டும். முதலில் வருவது பழைய அவமானம்தான். "அடி வாங்கிய அந்தக் குழந்தைக்கு அப்போது என்ன தேவைப்பட்டது?" என்று சிகிச்சையாளர் கேட்கும்போது, நியாயமான கோபம் எழும், தன்மேலேயே இரக்கம் சுரக்கும். வெறுமனே அழுது தீர்ப்பதைவிட இந்தத் திருப்பமே முக்கியம் என்பேன்.

இது எப்படி மனதை மாற்றுகிறது? கிளறப்பட்ட பய நினைவு சிறிது நேரம் இளகி மறுபடி உறைகிறது என்று 2000இல் நரம்பியல் ஆய்வாளர்கள் கரீம் நாடர், ஜோசப் லெடூ குழுவினர் எலிகளில் சோதித்துக் காட்டினார்கள். அந்த இடைவெளியில் புதிய உணர்ச்சி கலக்கிறது என்பது ஆய்வாளர் சிலரின் விளக்கம். சிகிச்சை அறையில் அது இன்னும் முழுதாக நிரூபணமாகவில்லை.

ஆழமான காயம் உள்ளவர்கள் இதைத் தனியே முயல வேண்டாம். பயிற்சி பெற்றவரை நாடுங்கள்.