மூச்சைக் கையில் வாங்கும் செவிலியர்

“மயக்க ஊசி போடறது டாக்டர் வேலையாச்சே, நர்ஸ் எப்படிப் போடுவாங்க?” அமெரிக்காவில் செவிலியராக இருக்கும் பெண் அனஸ்தீசியா படிக்கப் போகிறாள் என்றதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி இது. நியாயமான கேள்விதான். நம் ஊரில் எம்.டி.யோ, டி.ஏ.வோ, டி.என்.பி.யோ முடித்த மருத்துவர்தான் அந்த வேலையைச் செய்கிறார். அமெரிக்காவில் மருத்துவர்களும் செய்கிறார்கள். அதற்கென்றே படித்துத் தேர்ந்த செவிலியர்களும் செய்கிறார்கள். அந்தச் செவிலியர்களுக்கு நர்ஸ் அனஸ்தெடிஸ்ட் என்று பெயர், ஆஸ்பத்திரிப் பேச்சில் சி.ஆர்.என்.ஏ. டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், கொஞ்சம் நீளமான கதை.

1846-ல் பாஸ்டனில் ஈதர் கொடுத்து வலியில்லாமல் அறுவை செய்து காட்டினார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள் ஈதர் முகமூடியைப் பிடிக்க என்று தனியாக ஆள் கிடையாது. பக்கத்தில் நிற்கும் இளம் மருத்துவரோ மாணவரோ பிடிப்பார். அவர் கண் நோயாளியின் முகத்தில் இருக்காது, கத்தி போகும் இடத்தில்தான் இருக்கும். மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டரில் அறுவை மருத்துவர்களான மேயோ சகோதரர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். நோயாளியை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ளும் செவிலியரிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அவர்களில் ஒருவரான ஆலிஸ் மகாவ், 14,000-க்கும் மேற்பட்ட அறுவைகளில் தாம் மயக்கம் கொடுத்ததையும் மயக்க மருந்தால் ஓர் உயிர்கூடப் போகவில்லை என்பதையும் 1906-ல் கட்டுரையாக வெளியிட்டார். இன்றைய கருவி ஒன்றுகூட இல்லாத காலம் அது. விரல் நாடியில், கண் முகத்தில், காது மூச்சில். இந்தத் தொழிலின் அஸ்திவாரம் அங்கேதான் விழுந்தது என்பேன். பிறகு 1931-ல் அகதா ஹாட்ஜின்ஸ் என்ற செவிலியரின் தலைமையில் இவர்களுக்கென்று ஒரு சங்கம் அமைந்தது. இது மருத்துவர் அல்லாதவர் செய்யக்கூடாத வேலை என்று கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடுத்தார்கள். 1936-ல் அம்மாநில உச்ச நீதிமன்றம் செவிலியர் பக்கம் தீர்ப்பளித்தது.

இப்போது படிப்புக்கு வருவோம். முதலில் பொதுவாக நர்சிங் இளநிலைப் பட்டம், பதிவு பெற்ற செவிலியர் உரிமம். அடுத்தது, என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரியது: தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஓராண்டு முழுநேர வேலை. ஓராண்டு என்பது விதி. போட்டி கடுமையாக இருப்பதால் இரண்டு மூன்று ஆண்டு அனுபவத்தோடு வருபவர்கள்தான் பெரும்பாலும் உள்ளே நுழைகிறார்கள்.

ஏன் ஐ.சி.யூ.? அதிகாலை மூன்று மணிக்கு, வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவரின் ரத்த அழுத்தம் சரிகிறது. நார்-அட்ரினலின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதை இன்னும் கூட்டுவதா, உடம்பில் நீர் குறைந்திருக்கிறதா, இதயமே களைத்துவிட்டதா? மருத்துவரை அழைத்துவிட்டு அவர் வரும்வரை கட்டிலருகே நின்று யோசிக்க வேண்டியவர் செவிலியர். இப்படிப் பல இரவுகள் நின்றவருக்கு ஒரு மருந்தின் பெயரைக் கேட்டாலே அது உடம்பில் என்ன செய்யும் என்பது கண்முன் விரியும். சேர்க்கைக்கான நேர்காணலிலும் இந்த மாதிரிச் சூழலைச் சொல்லி ‘அடுத்து என்ன செய்வாய், ஏன்?’ என்றுதான் துருவுகிறார்கள். அந்த ‘ஏன்’ வராவிட்டால் மதிப்பெண் காப்பாற்றாது.

சேர்ந்தபின் மூன்றாண்டுகள். முன்பு இது முதுநிலைப் பட்டம். குறைந்தது 24 மாதம். 2022 ஜனவரி முதல் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் முனைவர் நிலைப் படிப்பில்தான் சேர வேண்டும். குறைந்தது 36 மாதம். ஆய்வேடு எழுதும் பிஎச்.டி. என்று இதை நினைத்துவிட வேண்டாம். இது தொழில்சார் முனைவர் பட்டம். அறுவைக்குப் பிறகு வரும் வாந்தியை ஓர் ஆஸ்பத்திரியில் எப்படிக் குறைக்கலாம் என்பது போன்ற ஒரு பிரச்சினையை எடுத்து, ஆதாரங்களைத் தேடி, மாற்றம் செய்து பார்த்து எழுத வேண்டும். கூடுதல் காலத்துக்குத் தகுந்த பலன் உண்டா என்று அந்தத் துறைக்குள்ளேயே விவாதம் நடந்தது. ஆராய்ச்சிக் கட்டுரையை நம்பலாமா வேண்டாமா என்று எடைபோடத் தெரிவது நல்லதுதான். ஆனாலும் ஆளை உருவாக்குவது ஆபரேஷன் தியேட்டர்தான்.

அங்கே மாணவி நிற்கும் இடம் நோயாளியின் தலைமாடு. முதலில் முகமூடி வழியே சில நிமிடம் சுத்த ஆக்சிஜன். தண்ணீர் நிற்கப் போகிறது என்று தெரிந்ததும் குடங்களையெல்லாம் நிரப்பி வைப்போமே, அப்படி நுரையீரலில் இருக்கும் நைட்ரஜனை வெளியேற்றி ஆக்சிஜனை நிரப்புகிறார்கள். இப்படி நிரப்பிக்கொண்ட ஆரோக்கியமான ஒருவர் மூச்சே இல்லாமல் சுமார் எட்டு நிமிடம் தாங்கக்கூடும். நிரப்பாவிட்டால் ஒரு நிமிடத்திலேயே ஆக்சிஜன் அளவு சரியத் தொடங்கும். உடல் பருமன் மிகுந்தவருக்கு நிரப்பினாலும் மூன்று நிமிடம்கூடக் கிடைக்காது. பிறகு ஃபென்டனில், வெள்ளையாக இருக்கும் புரோபோஃபால், கடைசியில் தசைகளைத் தளர்த்தும் மருந்து. இந்தக் கடைசி ஊசி போனதும் அந்த மனிதரால் தானாக மூச்சுவிட முடியாது. இனி அவர் மூச்சு இந்தப் பெண்ணின் கையில்.

இடது கையில் லாரிங்கோஸ்கோப். நாக்கை ஒதுக்கி, குரல்நாண்கள் தெரிந்ததும் அவற்றின் நடுவே குழாயைச் செலுத்த வேண்டும். செலுத்தியதும் கண் மானிட்டருக்குப் போகும்: வெளிவரும் கரியமில வாயு மூச்சுக்கு மூச்சு அலையாக எழுகிறதா? எழுந்தால் குழாய் மூச்சுக்குழலில் இருக்கிறது. கோடு தட்டையாகக் கிடந்தால் பெரும்பாலும் உணவுக்குழலுக்குள் போயிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, ஒரு நொடிகூட வாதம் செய்யாமல் உருவி எடுக்க வேண்டும். காதுக்கும் வேலை உண்டு. ஆக்சிஜன் குறையக் குறைய, நாடித்துடிப்போடு சேர்ந்து ஒலிக்கும் ‘பீப்’ சத்தத்தின் சுருதி இறங்கும். கைகள் வேறு வேலையில் இருக்கும்போதும் அந்தச் சுருதி மாற்றத்தில் சட்டென்று தலை நிமிரப் பழகியிருக்க வேண்டும்.

பட்டம் வாங்குமுன் இப்படிக் குறைந்தது 600 அறுவைகள், 2,000 மணி நேரம். பச்சைக் குழந்தை, சிசேரியன், இதயம், மூளை என்று எல்லா வகையிலும் தொட்டிருக்க வேண்டும். பிறகு தேசிய அளவில் கணினித் தேர்வு.

வேலைக்குப் போனபின் நிலைமை இடத்துக்கு இடம் மாறும். பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு மயக்கவியல் மருத்துவர் ஒரே நேரத்தில் நான்கு தியேட்டர்வரை மேற்பார்வை பார்ப்பார். ஒவ்வொன்றிலும் ஒரு சி.ஆர்.என்.ஏ. உட்கார்ந்திருக்கலாம். கிராமப்புறத்தில் பல ஆஸ்பத்திரிகளில் அவர் ஒருவரே. மருத்துவர் மேற்பார்வை வேண்டும் என்ற மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) விதியிலிருந்து மாநிலங்கள் விலகிக்கொள்ள 2001-ல் வழி திறந்தது. முதலில் விலகியது அயோவா. மேற்பார்வையின்றி விடலாமா என்ற சண்டை மருத்துவர் சங்கத்துக்கும் செவிலியர் சங்கத்துக்கும் இடையே இன்னும் ஓயவில்லை. நடுராத்திரி சிசேரியனுக்கு வரும் ஒரு கிராமத்துப் பெண்ணை நினைத்துப் பார்க்கிறேன். பயிற்சி பெற்ற ஒருவர் அங்கே இருக்கிறாரா என்பதுதான் அந்த நேரத்தில் எனக்கு முதல் கேள்வி.

பணத்தையும் பேசிவிடுவோம். தேர்ந்தபின் வருமானம் ஆண்டுக்கு 2 லட்சம் டாலரைச் சுற்றியும் அதற்கு மேலும் போகிறது. ஆனால் படிக்கும் மூன்றாண்டும் வேலைக்குப் போவது அநேகமாக முடியாத காரியம். கட்டணம் முழுவதற்கும் கைகொடுத்துவந்த கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடனும், 2025-ல் வந்த சட்டப்படி 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கேட்பவர்களுக்குக் கிடையாது. குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்குப் போடாமல் இதில் இறங்கவே கூடாது.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து இந்தக் கனவோடு இருப்பவர்களுக்கு இரண்டு சேதி. இங்கே வேலூரிலோ மதுரையிலோ பத்தாண்டு ஐ.சி.யூ.வில் வேலை பார்த்திருந்தாலும் அந்த அனுபவம் சேர்க்கைக் கணக்கில் வராது. அமெரிக்காவிலோ, அதன் ஆட்சிப் பகுதிகளிலோ, அதன் ராணுவ மருத்துவமனையிலோ பெற்றதாக இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் வரிசை இப்படித்தான்: அமெரிக்கச் செவிலியர் உரிமத்துக்கான என்க்லெக்ஸ் தேர்வு, விசா, அங்கே ஐ.சி.யூ. வேலை, அதன்பின் விண்ணப்பம். இன்னொன்று, படித்துவிட்டு ஊர் திரும்பினால் இந்தத் தகுதியை வைத்து இங்கே மயக்கம் கொடுக்க இயலாது. இரண்டையும் தெரிந்துகொண்டு, இங்கே கிடைக்கும் ஐ.சி.யூ. வேலையையும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். விதி அதை எண்ணாவிட்டாலும், நேர்காணலில் ‘ஏன்?’ என்று கேட்கும்போது பதில் அந்த அனுபவத்திலிருந்துதான் வரும்.