கியர் ஆயில் மாற்றுமுன் எந்தப் பிளக்கைத் திறப்பது?

மண்டிக்குப் போய்வர கார் வைத்திருக்கும் வணிகர்கள் பலர் எஞ்சின் ஆயிலைக் கவனிப்பார்கள்; கியர் ஆயிலை மறந்துவிடுவார்கள். கியர் விழச் சிரமப்படும்போதுதான் நினைவு வரும். இதை வீட்டிலேயே மாற்றலாம்.

பெரும்பாலான கார்களில் கியர் பாக்ஸின் பக்கவாட்டில் ஆயில் ஊற்றும் பிளக்கும், அடியில் வடிக்கும் பிளக்கும் இருக்கும். முதலில் ஊற்றும் பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். ஆயிலை வடித்த பிறகு அது கழல மறுத்தால், புது ஆயில் ஊற்ற வழியில்லை. வண்டியை ஓட்டவும் கூடாது. மறுநாள் சரக்கு நின்றுவிடும்.

சிறிது தூரம் ஓட்டி வந்தால் ஆயில் இளகி நன்றாக வடியும். வண்டியைச் சமமாகத் தூக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். பிளக்கில் ஒட்டிய இரும்புத் துகளைத் துடைத்து, புது வாஷர் போட்டு முடுக்குங்கள். பிறகு புனலும் டியூபும் வைத்து, பக்கவாட்டுத் துளையின் கீழ் விளிம்பில் வழியும்வரை ஊற்றினால் அளவு சரி.

ஆயிலை வண்டியின் கையேட்டைப் பார்த்தே வாங்குங்கள். ஜி.எல்.4 என்றிருந்தால் ஜி.எல்.5 வேண்டாம். அதில் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மானம் உள்ளிருக்கும் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல், கழிவு ஆயில் எடுத்துக்கொள்ளும் ஒர்க் ஷாப்பில் கொடுங்கள். காலிச் சமையல் எண்ணெய் டின்னில் ஊற்றிக் கடைக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். கை மாறினால் வாடிக்கையாளர் வீட்டு அடுப்புக்குப் போய்விடும்.