முகம் பார்த்து வயது சொல்லும் மென்பொருள்

பல்லடத்தில் தறிக்குடோனுக்குப் போய்த் திரும்பும் அப்பாவின் செல்போன்தான் பல வீடுகளில் பிள்ளைகளுக்கும் செல்போன். பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டால், ஏழாம் வகுப்புப் பிள்ளையும் சமூக ஊடகத்தில் கணக்குத் தொடங்கிவிடலாம். இதைத் தடுக்க வந்திருப்பதுதான் செல்ஃபி வழி வயதுக் கணிப்பு.

வயது தெரிந்த ஏராளமான முகப்படங்களைக் காட்டி இந்த மென்பொருளைப் பழக்குகிறார்கள். புதிய முகத்தைப் பார்த்ததும் உத்தேச வயதைச் சொல்லும். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்பவருக்கு, அது யார் வீட்டு மாடு என்று தெரிய வேண்டியதில்லை அல்லவா? அதுபோல இதற்கும் பெயர் தேவையில்லை. முக அடையாளம் காண்பது வேறு வேலை. அது முகத்தை எண்களாக்கிச் சேமித்து, அடுத்த படத்தோடு ஒப்பிட்டு, ஆள் இன்னார்தான் என்கிறது. ஓய்வூதியர்கள் செல்போனில் எடுக்கும் உயிர்வாழ் சான்றிதழ் இந்த வகை.

வயதுக் கணிப்பு பிசகும். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் நிறுவனம் 2024இல் வெளியிட்ட சோதனையில், சிறந்த மென்பொருளே சராசரியாகச் சுமார் 3 வயது பிசகியது. பெண்களின் முகத்தில் பிழை பெரும்பாலும் கூடுதல். 15 வயதுப் பெண்ணை 18 என்றும் சொல்லும், 18 வயதுப் பெண்ணை 15 என்றும் சொல்லும். சந்தேகம் வந்தால் அடையாள அட்டை கேட்கிறார்கள். ஆபத்து அங்கேதான். டிஸ்கார்ட் என்ற உரையாடல் தளத்தில் வயதை நிரூபிக்கக் கொடுத்தவை உட்பட, சுமார் 70,000 பேரின் அடையாள அட்டைப் படங்கள் கசிந்திருக்கலாம் என்று 2025 அக்டோபரில் அந்நிறுவனமே அறிவித்தது.

ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழானவர்களின் சமூக ஊடகக் கணக்குகளைத் தடுத்திருக்கிறது. அப்படியொரு சட்டத்தை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளையும் அதே மாதம் சொன்னது. நம் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. பிள்ளைகளைக் குறிவைக்கும் விளம்பரத்தையும் தடுக்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். ஒப்புதல் தருபவர் வயது வந்தவர்தான் என்பதை டிஜிலாக்கர் வழியாகவும் உறுதிசெய்ய, 2025 நவம்பரில் வந்த விதிகள் இடம் தருகின்றன. இவை நடைமுறைக்கு வர, விதிகள் வந்ததிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டது.

பிள்ளைகளைக் காக்க வயதைக் கேட்பது நியாயம். விடை கிடைத்தபின் படத்தை வைத்துக்கொள்வது நியாயமில்லை. செல்ஃபியோ ஆதாரோ கேட்டால், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று செயலியின் தனியுரிமைக் கொள்கையில் பார்த்துவிட்டுக் கொடுங்கள். அப்பாவின் கணக்கில் பார்க்கும் பிள்ளையைச் செயலி பெரியவராகவே நடத்தும். எனவே உங்கள் கணக்கைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.