ட்ரன்கேட் என்றால் என்ன?

"டேட்டா ட்ரன்கேட் ஆகலாம்" என்ற எச்சரிக்கை சில நேரம் திரையில் தோன்றும். பலர் படிக்காமலேயே ஓகே பட்டனில் கிளிக் செய்துவிடுகிறார்கள்.

மரத்தின் கிளைகளை வெட்டி மொட்டையாக்குவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது இது. கம்ப்யூட்டரில், இடம் போதாதபோது தகவலின் வால் பகுதியை வெட்டிவிடுவதே ட்ரன்கேட். அபார்ட் என்பது வேறு. அது நடந்து கொண்டிருக்கும் வேலையைப் பாதியில் நிறுத்துவது.

விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தில் ஒருவர் உப்பளக் கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்திருப்பதாகக் கொள்வோம். பழைய டாஸில் பைல் பெயருக்கு 8 எழுத்துதான். மரக்காணம் என்ற பெயருக்கே ஆங்கிலத்தில் 10 எழுத்து வேண்டும். ஊர்ப் பெயருடன் ஏப்ரல், மே என்று சேர்த்து இரண்டு பைல்களுக்குப் பெயரிட்டால், மாதம் வெட்டுப்பட்டு இரண்டும் ஒரே பெயராகிவிடும். மே கணக்கு ஏப்ரல் கணக்கின் மேல் பதிவாகும்! விண்டோஸ் 95 வந்த பிறகு இந்தத் தொல்லை குறைந்தது.

எக்ஸெலில் கவனம் தேவை. மூன்று லாரிகளில் 12.75, 11.90, 13.60 டன் உப்பு போனது என்றால் மொத்தம் 38.25 டன். ஒவ்வொன்றுக்கும் ட்ரங்க் என்ற பார்முலாவைப் போட்டால் 12, 11, 13 ஆகி, கூட்டினால் 36 தான் வரும். இரண்டே கால் டன்னுக்கான பணம் காணாமல் போய்விடும். தசமத்தைக் குறைக்கும் பட்டனை அழுத்தினால் 13, 12, 14 என்று தெரியும். ஆனால் மொத்தம் 38 என்று காட்டும். கணக்கு தப்பு என்று நினைக்க வேண்டாம். அங்கே எதுவும் வெட்டப்படவில்லை, தசமம் மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். அதேபோல் பக்கத்துச் செல்லில் ஏதாவது இருந்தால் நீளமான பெயர் அறுந்தது போலத் தெரியும். பார்முலா பாரில் பாருங்கள், முழுப் பெயரும் இருக்கும்.

தமிழில் இன்னொரு சிக்கல். மரக்காணம் நம் கண்ணுக்கு 6 எழுத்து. யூனிகோடில் கால், புள்ளி எல்லாம் தனித்தனி என்பதால் 9. டேட்டாபேஸில் 8 இடம் மட்டும் ஒதுக்கியிருந்தால், கடைசிப் புள்ளி போய் "மரக்காணம" என்று நிற்கும். எஸ்.எம்.எஸ். அனுப்பும்போதும் ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழுக்கு 70 தான்.

டேட்டாபேஸில் ட்ரன்கேட் டேபிள் என்ற கட்டளையும் உண்டு. அது வாலை வெட்டாது. டேபிளில் உள்ள எல்லா வரிகளையும் அழித்துவிடும். பேக்கப் எடுக்காமல் அதைத் தொட வேண்டாம்.