வீட்டில் துப்பாக்கிக்கு ஓர் அலமாரி



பெங்களூர் அல்சூர் ஏரியை அடுத்து, 1780ஆம் ஆண்டில் தோன்றிய மதராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையகம் இருக்கிறது. அப்படையில் பணிபுரிந்து ஓய்வு பெற்று, இந்நகரிலேயே குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்களுள் உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்போரும் உண்டு. அதனை வீட்டில் எங்கே வைப்பது என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

ஆயுதத்தைப் பாதுகாப்பாக வைத்திருப்பதாக, உரிமம் கோருபவர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் ஆயுத விதி. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. ஆகவே பெரிய அலமாரி தேவையில்லை. உறுதியான அலமாரியே தேவை.

பலர் துணி வைக்கும் பீரோவிலேயே துப்பாக்கியையும் வைத்துவிடுகின்றனர். அந்தப் பீரோவோ நாளொன்றுக்குப் பன்முறை திறக்கப்படுவது. அதன் சாவி இருக்குமிடம் குழந்தைகளுக்கும் தெரியும். கண்ணாடிக் கதவிட்ட மர அலமாரி, ஆயுதம் இருப்பதை வருவோர்க்கெல்லாம் அறிவிக்கும். ஆதலின் இதற்கெனத் தனிப் பெட்டகம் வேண்டும்.

இரட்டைக்குழல் துப்பாக்கி ஏறக்குறைய நான்கடி நீளம் உடையது. குழலையும் கட்டையையும் பிரித்து வைப்பதாயின் சிறிய பெட்டகமே போதும். கீல்கள் உட்புறம் அமைந்திருத்தல் நலம். கதவிடுக்கில் கடப்பாரை நுழையாதிருக்க வேண்டும். தாழ் ஒரு பக்கத்தில் மட்டுமன்றிப் பல இடங்களில் விழ வேண்டும். தோட்டாக்களுக்கு வேறு பூட்டும் வேறு சாவியும் உள்ள தனி அறை இன்றியமையாதது. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று கண்ணால் கண்ட பின்னரே உள்ளே வைத்தல் வேண்டும்.

பெட்டகத்தைச் சுவரோடு பிணைக்காவிடில் திருடர் அதனையே தூக்கிச் சென்றுவிடுவர். பெங்களூரின் புதிய வீடுகள் பலவற்றில் சுவர்கள் உள்ளீடற்ற சிமெண்டுக் கற்களால் ஆனவை. அவற்றில் ஆணி உறுதியாக நில்லாது. கான்கிரீட் தூணிலோ தளத்திலோ பொருத்துவதே தக்கது. வாடகை வீடாயின் உரிமையாளரிடம் முன்னரே இசைவு பெறுக.

இந்நகரில் ஜூன் முதல் நவம்பர் வரை இரு பருவங்களிலும் மழை பெய்கிறது. குளியலறையை ஒட்டிய சுவர் ஆகாது. தோலுறையும் துணியுறையும் ஈரத்தை ஈர்த்துக் குழலில் துருவேற்றும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளும் துருவைத் தடுக்கும்.

பொங்கலுக்கு ஊர் செல்வோர், காவல் நிலையத்திலோ அதற்கென உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ துப்பாக்கியை ஒப்படைத்து, ரசீது பெற்றுச் செல்லலாம். உடன் எடுத்துச் செல்ல எண்ணுவோர், உரிமம் தமிழ்நாட்டிலும் செல்லுமா என்று முதலில் பார்த்தல் வேண்டும்.

திருடன் என்றோ ஒருநாள் வரலாம். விளையாடும் குழந்தையும், சினத்தில் தன்னை மறக்கும் பெரியவரும் நாள்தோறும் வீட்டிலேயே இருக்கின்றனர். சாவி உரிமம் பெற்றவரிடமே இருக்கட்டும். எண்பூட்டாயின், வீட்டார் எளிதில் ஊகிக்கும் பிறந்த நாளை அதன் எண்ணாக வைத்தல் வேண்டாம்.