மாவுக்கட்டுக்குள் சதை மெலிவது ஏன்? எலிகள் காட்டிய உண்மை!

கால் எலும்பு ஒடிந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். 6 வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் கால் குச்சி போல் இருக்கிறது!

"சதையெல்லாம் எங்கே போயிற்று?" என்று வீட்டார் பதறுகிறார்கள்.

பயப்பட வேண்டாம். வேலை இல்லாத சதையை உடம்பே கரைத்துவிடுகிறது.

எலும்பு ஒடிந்த எலி

எலும்பு சேருவதை ஆராய எலிகள் உதவுகின்றன. எலிக்கு மயக்க மருந்து கொடுத்து, தொடை எலும்புக்குள் கம்பியைச் செலுத்தி, எல்லா எலிக்கும் ஒரே மாதிரி எலும்பை ஒடிக்கும் முறையை 1984-ல் அமெரிக்க டாக்டர்கள் இருவர் வெளியிட்டார்கள்.

விலங்குகளை வைத்து நடந்த சோதனைகளில் ஓர் உண்மை தெரிந்தது. எலும்பைச் சுற்றியுள்ள சதை சிதைந்துபோனால், எலும்பு சேரவும் தாமதமாகும். காரணம் என்ன? ஒடிந்த எலும்புக்குச் சதையிலிருந்தும் ரத்தம் போகிறது.

கரைப்பது எது?

2001-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் மூன்று விதமாகச் சோதித்தார்கள். சில எலிகளின் காலை அசையாமல் பூட்டினார்கள். சிலவற்றுக்குக் காலுக்குப் போகும் நரம்பை வெட்டினார்கள். சிலவற்றின் பின்னங்கால் தரையில் படாதபடி தூக்கிக் கட்டினார்கள்.

மூன்றிலும் சதை மெலிந்தது. மூன்றிலும் இரண்டு பொருள்கள் சதைக்குள் பெருகியிருந்தன! ஒன்றின் பெயர் மர்ஃப்-1. மற்றது அட்ரோஜின்-1.

வெட்டப்போகும் மரத்துக்குச் சுண்ணாம்புக் குறி போடுவது உண்டு அல்லவா? அதுபோல இவை சதையிலுள்ள புரதத்துக்குக் குறி போடுகின்றன. குறி விழுந்த புரதத்தை உயிரணு துண்டாக்கிவிடுகிறது. உயிரணுவுக்குள் நடக்கும் இந்தக் குறி போடும் வேலையைக் கண்டுபிடித்த மூவருக்கு 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த இரண்டில் ஒன்று இல்லாத சுண்டெலிகளையும் விஞ்ஞானிகள் உண்டாக்கினார்கள். நரம்பை வெட்டிய பிறகும் அவற்றின் சதை குறைவாகவே மெலிந்தது.

மறுபடி வருமா?

வரும். வேலை கொடுத்தால் சதை திரும்பவும் தேறும். ஆனால் போன வேகத்தில் வராது. வயதானவர்களுக்கு இன்னும் நாளாகும்.

கட்டுப் போட்டிருக்கும்போதே, டாக்டர் அனுமதித்தால், கால் விரல்களை அசைக்கலாம். தொடைச் சதையை இறுக்கித் தளர்த்தலாம். பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றில் சதை வளரத் தேவையான புரதம் இருக்கிறது.

கட்டுப் பிரித்த அன்றே தாத்தாவையோ பாட்டியையோ தனியாக நடக்க விடாதீர்கள். மெலிந்த கால் உடம்பைத் தாங்காது. தடுக்கி விழுந்தால் மறுபடி எலும்பு ஒடியும்! டாக்டர் சொன்ன பயிற்சியைத் தினமும் செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று கை கொடுங்கள்.